சுத்திகரித்த சாக்கடை நீரில் பயிர் வைக்கலாமா? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துத் தருவது என் தொழில். பாட்டிலோடு வருகிறவர்கள் முடிவை வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சந்தேகம் கேட்பார்கள். சில கோடைகளாக அந்தச் சந்தேகங்களில் பெரும்பங்கு நகரத்துக் கழிவுநீரைப் பற்றியது. திருமணிமுத்தாற்றங்கரையில் தென்னை வைத்திருப்பவர் கேட்கிறார், பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி வைத்திருப்பவர் கேட்கிறார், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்தும் கேட்கிறார்கள். பேச்சை எழுத்துக்கு மாற்றியதைத் தவிர, கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

சாக்கடையை வடிகட்டினால் அது நல்ல தண்ணீர் ஆகிவிடுமா?

வடிகட்டுவது முதல் படி மட்டும்தான். துணி, பிளாஸ்டிக், மணல் ஆகியவற்றைக் கம்பி வலையிலும் தொட்டியிலும் பிரித்தெடுக்கிறார்கள். அடுத்த படியில் தொட்டிக்குள் காற்றை ஊதுகிறார்கள். காற்று கிடைத்ததும் நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று, தாங்களே சேறாகக் கீழே படிகின்றன. மேலே தெளிந்து நிற்பதுதான் இரண்டாம் நிலை நீர். அதை மணல் வடிகட்டியில் விட்டு, குளோரினோ புற ஊதாக் கதிரோ கொடுத்தால் மூன்றாம் நிலை.

இதில் நாற்றம் போகிறது, கிருமி பெருமளவு குறைகிறது. கரைந்த உப்பு மட்டும் உள்ளே வந்த அளவிலேயே வெளியேயும் போகிறது. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது, குளோரின் அதைக் கொல்லாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

திருமணிமுத்தாற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது. அதில் மோட்டார் வைப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. சேர்வராயன் மலைப் பக்கத்தில் பிறக்கும் அந்த ஆறு சேலம் நகருக்குள் நுழைந்து, வீட்டுச் சாக்கடையையும் பட்டறைக் கழிவையும் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. மழையில்லாத மாதங்களில் அதில் ஓடுவதில் பெரும்பகுதி நகரம் விட்ட நீர். ஒரு சுத்திகரிப்பு ஆலையின் வாயிலில் நீங்கள் எடுப்பது தெரிந்த நீர்; அதற்கு மாதாமாதம் பரிசோதனை அறிக்கை கேட்கலாம். ஆற்றில் எடுப்பது, இரவு யார் என்ன திறந்துவிட்டார்கள் என்று தெரியாத நீர். காலையில் எடுத்த பாட்டிலும் மறுநாள் காலையில் எடுத்த பாட்டிலும் நிறத்திலேயே வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நகரத்துத் தண்ணீரால் எத்தனை ஏக்கர் பாயும்? பேச்சுக்குத்தான் இவ்வளவு ஆரவாரமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.3 லட்சம். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுபவர்கள் வைக்கும் அளவு. அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 கோடி லிட்டர். ஒரு ஏக்கர் பயிருக்கு நாளுக்கு 20,000 லிட்டர் என்று வைத்தால் 4,500 ஏக்கர் வரை பாயும்.

இது காகிதக் கணக்கு. எல்லா வீடும் பாதாளச் சாக்கடையில் சேரவில்லை, எல்லா வீட்டுக்கும் 135 லிட்டர் கிடைப்பதுமில்லை. பாதியே கிடைத்தாலும், மழை பொய்த்த ஆண்டிலும் குறையாமல் வருகிற ஒரே நீர் இதுதான். மேட்டூர் அணை வற்றும் கோடையில்கூட நகரம் எங்கிருந்தாவது தண்ணீர் கொண்டுவந்து குளித்துக்கொண்டுதான் இருக்கும்.

இதைப் பாய்ச்சினால் யூரியா போட வேண்டாம் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குல நீர் என்றால் சுமார் 1.03 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 30 மில்லிகிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிற இரண்டாம் நிலை நீராக இருந்தால், அந்த ஓர் அங்குலத்தோடு 3 கிலோ தழைச்சத்து, அதாவது ஆறரைக் கிலோவுக்குச் சற்று மேல் யூரியா போன மாதிரி. 20 அங்குலம் பாய்ந்தால் 60 கிலோ தழைச்சத்து. நெல்லுக்கு ஏக்கருக்குப் பரிந்துரைப்பதும் ஏறத்தாழ அதே 60 கிலோதான். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கொஞ்சம் கூடவே வரும்.

ஆலைக்கு ஆலை இந்த அளவு மாறும். தழைச்சத்தையும் நீக்கும்படி கட்டிய ஆலையில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடும். அறிக்கையைப் பார்க்காமல் உரத்தை நிறுத்தாதீர்கள்.

அப்படியானால் என் நெல் ஏன் சாய்ந்தது? பயிர் கரும்பச்சையாக, பார்க்க நன்றாகத்தானே இருந்தது?

மேலே சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. நெல்லுக்கு 20 அங்குலத்தோடு நாம் நிறுத்துவதில்லை. 40 அங்குலத்துக்கு மேல் கட்டுகிறோம். தேவையைப் போல இரண்டு மடங்கு தழைச்சத்து தானாகவே போயிருக்கிறது. போதாததற்கு நீங்கள் மேலுரமும் போட்டிருக்கிறீர்கள். இலை தழைக்கும், தண்டு மெலியும், புகையான் பூச்சி வரும், கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். யூரியாவை வேண்டாத நாளில் போடாமல் இருக்கலாம். இந்த நீரில் தண்ணீர் வேண்டிய நாளெல்லாம் உரமும் போகும். பூக்கும் பருவத்துக்குப் பிறகு கிணற்று நீருக்கு மாற வழியிருந்தால் மாறுங்கள்.

எந்தப் பயிருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாய்ச்சலாம்?

கண்ணை மூடிக்கொண்டு எதற்கும் வேண்டாம். கவலை குறைந்தவை என்றால் பருத்தி, சவுக்கு போன்ற மர வகைகள், ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி, தென்னை, பாக்கு. நாம் சாப்பிடும் பகுதி நீரைத் தொடாமல் உயரத்தில் இருக்க வேண்டும், அல்லது ஆலையிலோ அடுப்பிலோ நன்றாக வெந்த பிறகே வாய்க்கு வர வேண்டும். மாந்தோப்புக்கும் பாய்ச்சலாம், பழம் பறிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், கீழே விழுந்த பழத்தை விற்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 1989-லேயே சொன்ன விதி இது.

கீரைக்கு மட்டும் ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள்?

கீரை தரையோடு கிடக்கிறது, பாத்தியில் தண்ணீர் கட்டினால் இலை நனைகிறது, மூன்று நாலு வாரத்தில் அறுத்துவிடுகிறோம், அறுப்பதற்கு முதல் நாள்வரை பாய்ச்சுகிறோம். வேக வைத்தால் கிருமி சாகும் என்பது சரிதான். ஆனால் அதே பாத்தியில் ஓரமாகக் கொத்தமல்லியும் புதினாவும் இருக்கும். அவை பச்சையாகச் சட்னிக்குப் போகும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. அறுத்த கட்டைச் சந்தைக்கு ஏற்றும் முன் எங்கே அலசுகிறீர்கள்? அதே வாய்க்காலில் முக்கி எடுத்தால், கிணற்று நீரில் வளர்த்த கீரைக்கும் அதே கதிதான். குளோரின் போட்ட நீர் என்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது. பாக்டீரியா சாகும், உருண்டைப்புழுவின் முட்டை குளோரினுக்கு அசையாது. அதை நீக்க மணல் வடிகட்டி வேண்டும், இல்லையென்றால் குளத்தில் எட்டு பத்து நாள் நீரைத் தேக்கி அடியில் படிய விட வேண்டும். லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு.

இளநீரில் வாடை வருமா?

வராது. வேர் நீரையும் கரைந்த சில உப்புகளையும்தான் உள்ளே விடுகிறது; நாற்றத்தை மரத்தின் உச்சிவரை தூக்கிக்கொண்டு போவதில்லை. தென்னை உப்பைத் தாங்கும் மரம். குளோரைடு அதற்கு ஓரளவு ஊட்டமும்கூட. ஆனால் காயை வெட்டுகிறவர் கத்தியை வாய்க்காலில் கழுவாமல் இருக்க வேண்டும்.

மாட்டுக்குத் தீவனப்புல் வைக்கிறேன். பால் கெடுமா?

கழிவுநீரில் புல் வளர்ப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம்; மதுரை அவனியாபுரத்துக் கழிவுநீர்ப் பண்ணை அதற்குப் பேர்போனது. கம்பு நேப்பியர் இந்தத் தழைச்சத்தை எவ்வளவு கொடுத்தாலும் குடித்துவிடும், நெல்லைப் போல அடம்பிடிக்காது. மாட்டை வயலுக்குள் மேய விடாதீர்கள். பாய்ச்சலை நிறுத்தி, புல்லின் ஈரம் காய்ந்த பிறகு அறுத்து, ஒரு வெயில் வாட்டிப் போடுங்கள். நாடாப்புழு மாட்டுக்கு ஏறும் வழி ஈரமான புல்தான். பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்பது எந்த நீர் பாய்ந்தாலும் பொருந்தும்.

அரளியும் குண்டுமல்லியும் சாமிக்குப் போகிற பூ. அதற்கு இந்தத் தண்ணீரா?

பூவை யாரும் தின்பதில்லை; அந்த வகையில் இது பாதுகாப்பான பயிர். கவலை பறிக்கிறவர்களைப் பற்றியது. விடியற்காலையில் வெறுங்காலோடு ஈரப் பாத்தியில் நிற்கிறார்கள். கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே ஏறும். முதல் நாள் பாய்ச்சாதீர்கள், சொட்டுநீர் போடுங்கள், பறிப்பவர்களுக்குக் காலணி வாங்கிக் கொடுங்கள். பூவின்மேல் தெளிப்பான் வேண்டவே வேண்டாம்.

சாமிக்கு ஆகுமா என்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை. பஞ்சகவ்யத்தையும் தொழு உரத்தையும் ஏற்கிற கடவுள் இதையும் ஏற்பார் என்று ஒரு பெரியவர் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஏற்கவில்லை.

கிருமிதானே பிரச்சினை? அது செத்துவிட்டால் நிம்மதிதானே?

என் அனுபவத்தில் எல்லோரும் கிருமிக்குப் பயப்படுகிறார்கள், உப்புக்குப் பயப்படுவதில்லை. வயலை இழந்தவர்கள் உப்பால் இழந்தவர்கள். கிருமி வெயிலில் சில நாட்களில் சாகிறது. உப்பு எங்கும் போவதில்லை. நீர் ஆவியாகிப் போக, அது மண்ணில் தங்குகிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீரை 20 அங்குலம் பாய்ச்சினால் ஏக்கருக்கு இரண்டு டன் உப்பு சேர்கிறது. மழை அதைக் கீழே கழுவ வேண்டும். வடிகால் உள்ள செம்மண்ணில் கழுவும், களிமண்ணில் நின்றுவிடும். கோடையில் வரப்போரத்தில் விரலால் வழித்தால் மாவு போல வெள்ளையாக ஒட்டுகிறதா, பாருங்கள். நாக்கில் வைத்தால் கரிக்கும்.

உணவு மற்றும் வேளாண் நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் எதற்கும் பாய்ச்சலாம். 2,000-க்கு மேல் என்றால் பெரும்பாலான பயிருக்கு ஆபத்து. இடையில் இருந்தால் பயிரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அவரையினமும் வெங்காயமும் சீக்கிரம் சோர்ந்துவிடும். நிலக்கடலை ஓரளவு தாங்கும். சோளமும் பருத்தியும் நன்றாகத் தாங்கும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மேட்டூர்க் காவிரி நீர் உப்புக் குறைந்தது. வீட்டில் புழங்கும்போது லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை உப்பு கூடும். அப்படிக் கூடிய பிறகும், பாறைக்குள் ஆயிரம் அடி துளைத்து எடுக்கும் சில ஆழ்துளைக் கிணற்று நீரைவிட அது மேலாக இருக்கக்கூடும். வீடுகள் காவிரி நீரோடு எவ்வளவு ஆழ்துளை நீரைக் கலந்து புழங்குகின்றன என்பதைப் பொறுத்தது அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துவிட்டு முகம் சுளியுங்கள்.

சோப்புத் தண்ணீர் மண்ணை இறுக்கும் என்கிறார்களே?

சோப்பிலும் சலவைத்தூளிலும் வரும் சோடியத்தின் வேலை அது. கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் உட்கார்ந்தால் மண் துகள் கலைந்து, மேலே ஓடு கட்டி, நீர் இறங்காமல் நிற்கும். அறிக்கையில் சோடியம் உறிஞ்சு விகிதம் என்ற வரியைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஜிப்சம் போட்டு, நல்ல நீரால் கழுவ வேண்டும். அளவு மண்ணுக்கு மண் மாறும். கடைக்காரர் சொல்லும் மூட்டைக் கணக்கை நம்பாதீர்கள்.

சாயப்பட்டறை, வெள்ளிப் பட்டறைத் தண்ணீரும் அதே ஆலைக்குள்தானே போகிறது?

போகக் கூடாது, போனால் முழு ஏற்பாடும் கெடும். சாயத்தோடு வருவது டன் கணக்கில் உப்பு. அதன் விளைவைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த வயலும் கிணறும் உவர்ந்தன. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று.

செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுக்கு மெருகேற்றும் வேலையில் அமிலமும் உலோகமும் புழங்குகின்றன. உலோகத்தின் பெரும்பகுதி ஆலையின் சேற்றில் படிந்துவிடும். அதனால் நீரைவிட அந்தச் சேற்றை உரமாக வாங்கும்போதுதான் அதிகம் கவனிக்க வேண்டும்: காட்மியம், நிக்கல், ஈயம், குரோமியம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். காட்மியம் இலைக்கு எளிதாக ஏறும். கீரைக்கு எதிரான வாதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் லாரிக்காரர் இலவசமாகத் தோட்டத்தில் விடுகிறேன் என்கிறார். விடச் சொல்லலாமா?

வேண்டாம். அது சுத்திகரித்த நீர் அல்ல, பச்சைக் கழிவு. கீரைக்கான பதிலில் சொன்ன புழு முட்டைகள் இதில்தான் குவிந்திருக்கும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அவருக்குக் கொட்ட இடம் வேண்டும், அதனால்தான் இலவசம்.

சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

குழாயின் கடைசி மூடியைக் கழற்றித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கறுத்த வழுவழுப்பான பாசிப்படலம் சுருள் சுருளாக வெளியே வரும். நீரில் இருக்கும் சத்தைத் தின்று குழாய்க்குள்ளேயே வளர்ந்த நுண்ணுயிர்க் கூட்டம் அது. வெறும் வலை வடிகட்டி இதற்குப் போதாது. மணல் வடிகட்டி, அதன்பின் தட்டு வடிகட்டி என்று இரண்டும் வேண்டும். வாரம் ஒருமுறை குழாய் முனைகளைத் திறந்துவிடுங்கள். கடைசி டிரிப்பரில் 1 முதல் 2 பிபிஎம் (லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம்) எஞ்சும்படி அவ்வப்போது குளோரின் கொடுங்கள்.

செலவுதான். ஆனால் இலையையும் ஆளையும் நீரிலிருந்து பிரித்து வைப்பதில் சொட்டுநீருக்கு ஈடில்லை.

என் கிணறு கெடுமா? பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பயிர் எடுக்காமல் விட்ட தழைச்சத்து நைட்ரேட்டாகிக் கீழே இறங்கும். நம் பகுதி பாறை நிலம். மணலைப் போல மெல்ல வடிகட்டாது, வெடிப்பு கிடைத்தால் நேராகக் கிணற்றுக்கு ஓடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. பாய்ச்சத் தொடங்கும் முன்பே உங்கள் கிணற்றையும் அவர் கிணற்றையும் சோதித்துத் தாளை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏறினால் தெரியும். ஏறாவிட்டால் சண்டைக்கு வேலையில்லை.

ஏற்காட்டில் காப்பிப் பழம் கழுவிய தண்ணீரை மரத்துக்கே திருப்பி விடலாமா?

அப்படியே விடக் கூடாது. பழத்தின் பிசினில் உள்ள சர்க்கரை புளித்து, நீர் அமிலமாகி, ஓடையில் கலந்தால் மீன் செத்து மிதக்கும் அளவுக்கு ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, தொட்டியில் தேக்கி, தெளிந்த பிறகு நல்ல நீரோடு கலந்து தோட்டத்தில் பரப்பலாம். கழுவும் நீரையே சுழற்றிப் பயன்படுத்தும் இயந்திரம் வைத்தால் கழிவும் குறையும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மலையில் விடுவது மலையில் நிற்காது, கீழே ஏரிகளுக்கு வந்து சேரும்.

மாத்திரை மருந்தெல்லாம் சிறுநீரில் போகிறதே, அது காய்க்குள் ஏறாதா?

ஏறும், மிகச் சிறிய அளவில். கழிவுநீரில் பெரும்பகுதியை, எண்பது சதவீதத்துக்கு மேல், வயலுக்குத் திருப்பும் நாடு இஸ்ரேல். அங்கே 2016-இல் வெளியான ஆய்வொன்றில், இந்த நீரில் விளைந்த காய்கறியைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபைன் என்ற மருந்தின் சுவடு கூடியது தெரிந்தது. நோயாளி விழுங்கும் அளவோடு ஒப்பிட்டால் அது மிகமிகக் குறைவு. இதை வைத்து யாரையும் பயமுறுத்த மாட்டேன். மருத்துவமனைக் கழிவைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும் என்று கேட்க இது போதுமான காரணம்.

பரிசோதனைக்கு எப்படிக் கொண்டுவர வேண்டும்?

சாராய பாட்டிலிலோ எண்ணெய் கேனிலோ வேண்டாம். ஒரு லிட்டர் புதிய பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட விட்டு, பிறகு விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். கிருமிக்கு என்றால் கிருமி நீக்கிய பாட்டிலை நாங்களே தருவோம். பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவர வேண்டும். மே மாதத்தில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று எடுங்கள். மழைக்குப் பின் எடுத்ததை மட்டும் காட்டி நல்ல தண்ணீர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊர் சேர்ந்து நீரைக் கேட்டு ஒப்பந்தம் போடப்போகிறோம். எதை எழுதி வாங்க வேண்டும்?

எந்த நிலை நீர், உப்பு எவ்வளவுக்குள், அளவு மீறினால் யார் அடைப்பது, அறிக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பவை கட்டாயம். ஏரியில் விட்டு எடுக்கும் திட்டமா, நேராகக் குழாயா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பெங்களூரு நகரின் இரண்டாம் நிலை நீரை 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்பியபோது கிணறுகளில் நீர் ஏறியது. நுரை பொங்கியதும், மூன்றாம் நிலை ஏன் இல்லை என்று வழக்கு நடந்ததும் அதே திட்டத்தில்தான்.

திருமணிமுத்தாற்றின் கீழ்ப்பகுதி ஏரிகளுக்கு இதுவரை போய்க்கொண்டிருந்த நீர் குறையும் என்பதால், நாமக்கல் பக்கத்து ஆயக்கட்டுக்காரர்களையும் பேச்சுக்குக் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டால் பின்னால் வழக்கோடு வருவார்கள்.

கடைசியாக, தொழிற்சாலை வந்து அதிக விலை கேட்டால் நீர் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்கு தலா 4.5 கோடி லிட்டர் உயர்நிலையில் சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கிறார்கள். அங்கே வயல் இல்லை. இங்கே இருக்கிறது, ஆனால் ஆலை கொடுக்கும் விலையை விவசாயி கொடுக்க முடியாது. கோடையில் முதல் பங்கு எவ்வளவு லிட்டர், எத்தனை ஆண்டுக்கு என்ற இரண்டு எண்களும் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.